துவைக்காத சட்டை

"உங்க சட்டை ஒண்ணு வேணும். துவைச்சது வேண்டாம். போட்டுக் கழட்டினது."

சொல்லிவிட்டு நான் கண்ணை மூடிக்கொண்டேன். நான் வேலை பார்க்கிற சலவைக் கடையின் பின்புறம், நீராவி இஸ்திரி மேசைக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்குச் சந்து இருக்கிறது. எங்களில் யாருக்காவது வீட்டில் பிரச்சினை என்றால் அங்கே போய் நின்றுதான் போன் பேசுவோம். நீராவி சீறுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் கேட்காது. கணவர் வீட்டிலிருந்து கிளம்பி அண்ணன் வீட்டுக்கு வந்து அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிரிந்து வந்தவள் கேட்பதற்கு எவ்வளவோ இருக்கும். என் போர்வையைக் கேட்டிருக்கலாம். நான் காசு போட்டு வாங்கிய மிக்சியைக் கேட்டிருக்கலாம். போயும் போயும் அழுக்குச் சட்டையைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மறுமுனையில் அவர் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பதில் பல ரகம் உண்டு, எல்லாம் எனக்கு அத்துப்படி. இது யோசிக்கிற ரகம் இல்லை. வாயில் மிட்டாயைப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கரைய விடுகிற ரகம்.

"எதுக்கு?" என்றார்.

"மேஸ்திரி சாப்பிட மாட்டேங்குது. டாக்டர் சொன்னாங்க."

"ஓ, மேஸ்திரிக்கா. நாளைக்குக் கடைப் பக்கம் வரேன். வெளிய வந்து வாங்கிக்கோ."

மேஸ்திரி எங்கள் பூனை. சாம்பல் நிறம், உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை. குட்டியாக வந்த நாளிலிருந்தே வீட்டில் யார் என்ன வேலை செய்தாலும் எதிரில் வந்து உட்கார்ந்து சரியாகச் செய்கிறோமா என்று பார்க்கும். நான் பெருக்கினால் பின்னாலேயே வரும். அவர் குழாயைக் கழற்றினால் ஸ்பேனர் பக்கத்தில் குந்திக்கொண்டு முறைக்கும். தான் மட்டும் ஒரு துரும்பையும் எடுத்துப் போடாது. அந்தப் பெயர் வேறு யாருக்கும் அத்தனை பொருந்தாது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் பேச்சு என்று இருந்ததெல்லாம் மேஸ்திரியைப் பற்றியோ மேஸ்திரியிடமோ பேசியதுதான்.

என் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அந்தக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். ஸ்டியரிங் நம் கையில், ஆக்ஸிலேட்டர் நம் காலில், நாம்தான் ஓட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது கார் தானாக நிற்கும். திரும்பிப் பார்த்தால் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு "பாத்து" என்பார். வீட்டிலும் அப்படித்தான். என்னை அடித்ததில்லை, திட்டியதில்லை. கடையிலிருந்து கிளம்பும்போது ஒரு போன், பஸ் ஏறியதும் ஒரு போன், இறங்கியதும் ஒரு போன். எடுக்கத் தாமதித்தால் பாடம் நடக்கும்போதே காரை என் வழிக்குத் திருப்பச் சொல்லிவிடுவார். 'எல்' பலகை வைத்த கார் என் பஸ்ஸின் பின்னாலேயே திணறித் திணறி வருவதை நான் பார்த்திருக்கிறேன். ஓட்டுகிற பெண்ணின் முகம் வெளிறிப் போயிருக்கும், பக்கத்தில் இவர் நிம்மதியாக எனக்குக் கை காட்டுவார். அக்கறைதான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் எனக்கு மூச்சு முட்டியது. பிறருக்குச் சொல்லிப் புரியவைக்க என் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

இப்போது கீறல் இருக்கிறது. மேஸ்திரி போட்டது. அண்ணன் வீட்டுக்கு வந்த அன்று கூடையைத் திறந்ததும் பாய்ந்து போய் அலமாரிக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டது. கையை விட்டு இழுத்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கோடு இழுத்துவிட்டது.

"இழுத்தீங்களா?" என்றார் பூனை டாக்டரம்மா, என் கையைப் பார்த்துவிட்டு. கறாரான பெண்மணி. "யாராவது உங்களை ராத்திரியோட ராத்திரியா மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போய் வேற எங்கயோ இறக்கினா, நீங்க என்ன பண்ணுவீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது.

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னபடி செய்தேன். ஒரே அறை, கதவு எப்போதும் மூடியிருக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு ஒளிந்துகொள்ள இடம் செய்ய வேண்டும். சாப்பாட்டுக் கிண்ணம் ஒரு மூலையில், அது வெளிக்குப் போக மண் தட்டு எதிர் மூலையில். பழைய வீட்டில் சாப்பிட்ட அதே நேரத்துக்குச் சாப்பாடு. வெளியே வா என்று கெஞ்சக் கூடாது, பிடித்து இழுக்கக் கூடாது. தரையில் உட்கார்ந்து எதையாவது சத்தமாகப் படிக்கலாம், குரல் பழகும். படிக்க ஒன்றும் அகப்படாமல் அண்ணனின் வாஷிங் மெஷின் கையேட்டைப் படித்தேன். 'இயந்திரம் ஓடும்போது கதவைத் திறக்க முயலாதீர்கள்' என்று அலமாரிக்குப் பின்னால் தெரிந்த இரண்டு கண்களுக்குச் சொன்னேன். அண்ணன் மேசை போட்டு வேலை செய்துகொண்டிருந்த சின்ன அறை அது. எங்களுக்காக மேசையை ஹாலுக்கு மாற்றியிருந்தான். நான் உள்ளே போகும்போதும் வரும்போதும் பூனை ஓடிவிடக் கூடாதென்று கதவை ஒரு சாண் திறந்து பக்கவாட்டில் நுழைய வேண்டும். அண்ணி தட்டை அந்தச் சந்து வழியாக நீட்டுவாள். "பிள்ளை பெத்தவளுக்குப் பத்தியம் குடுக்கிற மாதிரி இருக்கு" என்று சிரிப்பாள். நல்லவள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அந்த நல்ல குணத்துக்கு ஈடாக நான் காலடிச் சத்தம்கூடக் கேட்காமல் நடந்தேன்.

எல்லாம் செய்தும் மேஸ்திரி வாயில் ஒன்றும் வைக்கவில்லை. பூனை தொடர்ந்து பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டுவிடும் என்று டாக்டரம்மா எச்சரித்தார். "பழைய வீட்டுல எங்க தூங்கும்?" என்று கேட்டார். நாற்காலியில், என் கணவர் கழற்றிப் போடுகிற சட்டையின் மேல் என்றேன். "அப்ப அந்தச் சட்டைதான் அதுக்கு வீடு. அதை வாங்கிட்டு வாங்க" என்றார் மிகச் சாதாரணமாக. அவருக்கென்ன.

மறுநாள் கார் வந்தது. ஒரு வயதான அம்மா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். என் கணவர் ஜன்னல் வழியாகப் பையை நீட்டினார். "நல்லா சாப்பிடுறியா?" என்றார். பூனையைக் கேட்கிறாரா என்னைக் கேட்கிறாரா என்று தெரியவில்லை. பையை வாங்கிக்கொண்டு போய் என் மேசைக்கு அடியில் வைத்தேன். அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டு மேசை விரிப்புகள் முழுக்கக் கறையோடு வந்திருந்தன. கறை எடுப்பது என் வேலை. தலை நிமிர நேரமில்லை.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளர் துணி என்றால் எண் சீட்டு குத்தியிருக்கும். சீட்டு இல்லாத அழுக்குத் துணி எங்கே கிடந்தாலும் அது எங்களில் ஒருவருடைய வீட்டுத் துணி. முதலாளி கண்ணில் படுவதற்குள் யார் பார்த்தாலும் அதை மெஷினில் போடும் அடுத்த ஈட்டுத் துணியோடு சேர்த்துத் துவைத்துக் கொடுத்துவிடுவோம். கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. மாலை கிளம்பும்போது இஸ்திரி அக்கா அந்தப் பையை என் கையில் கொடுத்தாள். உள்ளே சட்டை விறைப்பாக மடித்து, பித்தான் போட்டு, புதிதாய்க் கடையில் வாங்கியது போல இருந்தது.

"காலர்ல அழுக்கு விடவே மாட்டேன்னுச்சு. ரெண்டு தடவை போட்டேன்" என்றாள் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, "சமாதானம் ஆயிட்டீங்கபோல? சந்தோஷம்மா" என்றாள்.

அவள் கண்ணில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. நான் நன்றி சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு வந்து, அந்தச் சட்டையில் முகத்தைப் புதைத்துப் பார்த்தேன். சோப்பைத் தவிர ஒன்றும் இல்லை. அங்கேயே நின்று அழுதேன்.

திரும்பவும் போன் செய்தபோது அவர் சிரித்தார். "துவைச்சுட்டாங்களா? சரி, இந்தத் தடவை வீட்டுக்கு வா."

போனேன். வேறு என்ன செய்ய? வீட்டில் எதுவும் மாறவில்லை. அப்படி மாறாமல் வைத்திருந்தார். என் செருப்பு விடுகிற இடம் காலியாக இருந்தது. என் துண்டு அதே கொடியில். மேஸ்திரியின் கிண்ணத்தில் அன்று காலை ஊற்றிய புதுத் தண்ணீர். நாற்காலியில் சட்டை எதுவும் இல்லை. நான் தேடுவதைப் பார்த்துவிட்டு, போட்டிருந்த சட்டையைக் கழற்றி நீட்டினார். பனியனோடு நின்றார். வாங்கியபோது சட்டை சூடாக இருந்தது. அந்தச் சூட்டை என்ன செய்வதென்று தெரியாமல் கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வாசனை எத்தனை நாள் நிக்கும்?" என்றார்.

"ஒரு வாரம் நிக்கும்னாங்க."

"அப்ப அடுத்த வாரம் வா" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார். வாசல்வரை வந்து, "பாத்துப் போ" என்றார்.

அன்று சட்டையை அலமாரி ஓரத்தில் விரித்ததும் மேஸ்திரியின் மூக்கு வெளியே வந்தது. பிறகு மீசை, பிறகு அந்தப் பெரிய தலை. சட்டையை முகர்ந்து, முன்கால்களால் மாறி மாறி மிதித்து, சட்டைக் கையின் ஓட்டைக்குள் முகத்தை விட்டுக்கொண்டு படுத்தது. மீனை உதிர்த்து வைத்தேன். சாப்பிட்டது. எனக்கு எத்தனை சந்தோஷமோ அத்தனை கோபம். இத்தனை நாள் தரையில் கிடந்து கையேடு படித்தவள் நான். டாக்டரம்மா சொன்னபடி என் துணி ஒன்றைச் சட்டைக்கு அடியில் செருகிவைத்தேன், இரண்டு வாசனையும் கலந்தால் மெல்ல அந்தச் சட்டையை எடுத்துவிடலாம் என்று. மேஸ்திரி என் துணியைக் காலால் நகர்த்தித் தள்ளிவிட்டுப் படுத்தது.

அதன்பின் வாரா வாரம் போனேன். ஒரு சட்டையைக் கொடுத்து ஒரு சட்டையை வாங்கி வருவேன். ஒவ்வொரு தடவையும் உட்காரச் சொல்வார், உட்காருவேன். டீ போட்டுக் கொடுப்பார், குடிப்பேன். ஒரு தடவை என் கையிலிருந்த கீறல் ஆறிய வடுவைத் தொட்டுப் பார்த்தார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது போன் அடித்தால், ஏறிவிட்டேன் என்று நானாகவே சொல்லத் தொடங்கியிருந்தேன். அது எனக்கே உறைத்தபோது போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னைக் கேட்காமல், அண்ணன் அவரை வரச் சொல்லியிருந்தான். "வாராவாரம் நீ போயிட்டுத்தானே இருக்கே. அவரும் ஒரு நடை வரட்டுமே" என்றான். நான் அறைக்குள் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஹாலில் அவர் குரல் கேட்டது. அண்ணியிடம் வீட்டைப் பற்றி ஏதோ நல்லதாகச் சொன்னார். மேஸ்திரி சட்டையின் மேலிருந்து எழுந்தது. காதைத் திருப்பியது. நேரே கதவுக்குப் போய், பின்னங்கால் இரண்டையும் ஊன்றி எழுந்து, கதவைப் பிராண்ட ஆரம்பித்தது. அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அது வாய் திறந்து கத்தியதே இல்லை. அன்று கத்தியது. கதவைத் திறக்க அறைக்குள் இருந்த ஒரே ஆள் நான்தான்.

திறந்தேன். மேஸ்திரி ஓடவில்லை. வாலைக் கொடிக்கம்பமாக நிமிர்த்திக்கொண்டு, மேற்பார்வைக்கு வந்ததுபோல ஹாலைக் கடந்து, அவர் மடியில் ஏறிப் படுத்தது.

"பாத்தியா! வாயில்லா ஜீவனுக்கே தெரியுது" என்றான் அண்ணன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் மேஸ்திரியின் தலையைத் தடவியபடி என்னைப் பார்த்தார். வெற்றிப் பார்வை இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பாவமாக, ஏக்கமாக இருந்தது அந்தப் பார்வை.

"ரெண்டு பேரும் வந்துடுங்க" என்றார்.

மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் அறைக் கதவு, எனக்கு எதிரே அவர்கள். வந்த முதல் நாள் மேஸ்திரி அலமாரிக்குப் பின்னால் ஏன் போனது என்று எனக்கு அப்போதுதான் உடம்பு முழுக்கப் புரிந்தது. நான் சொன்னேன், என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது:

"மேஸ்திரியைக் கூட்டிட்டுப் போங்க. அதுக்கு அங்கதான் சரி."

"நீ?"

"நான் இங்க இருக்கேன்."

அவர் பேசவில்லை. இந்த ரகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அவருடைய வலது கால் மட்டும் தரையை மெல்ல அழுத்தியது. கார் நிற்கவில்லை. அண்ணன் எதிரில் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நானே கூடையைக் கொண்டுவந்து, சட்டையை உள்ளே விரித்தேன். மேஸ்திரி எதிர்ப்பே இல்லாமல் ஏறிப் படுத்தது. லிஃப்ட் இறங்குகிற சத்தம் நிற்கும்வரை வாசலில் நின்றேன். பிறகு அறைக்கு வந்து, கதவை முழுதாகத் திறந்துவைத்துவிட்டு, நெஞ்சு வலிக்க வலிக்க அழுதேன். அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனாலும் அந்த வாரம் நான் நன்றாகத் தூங்கினேன். பஸ்ஸில் போன் அடிக்கவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முன்பே ஒருநாள் இறங்கி, சும்மா கடைகளைப் பார்த்துக்கொண்டு நடந்து வந்தேன்.

வார விடுமுறை அன்று மதியம் அவரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. கட்டிலுக்கு அடியில் இருட்டு, இருட்டில் இரண்டு கண்கள். கீழே எழுதியிருந்தார்: 'முதல் நாள் சாப்பிட்டது. அப்புறம் சரியாத் தொடலை. உன்னைத் தேடுது. உன் துணி ஒண்ணு குடு. துவைக்காதது.'

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அவரோடு குடித்தனம் நடத்தியதில் இருந்த பெரிய சங்கடமே அதுதான். ஆனாலும் போட்டோவைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, பழைய படமா என்று பார்த்தேன். கட்டில் எங்கள் கட்டில்தான். கண் மேஸ்திரியுடைய கண்தான். தேதியை அந்தக் கண்களில் எங்கே போய்த் தேடுவது? டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன்.

"இருக்கலாம்மா. ரெண்டு தடவை இடம் மாத்திட்டீங்க. இப்ப வீடு இருக்கு, ஆள் இல்ல. சிலது வீட்டைத் தேடும், சிலது ஆளைத் தேடும், சிலது ரெண்டும் வேணும்னு அடம் பிடிக்கும்."

"துணி குடுத்தா போதுமா?"

"இப்போதைக்குப் போதும்" என்றார். அந்த 'இப்போதைக்கு' என் காதிலேயே நின்றது.

என் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தேன். முந்தின நாள் வேலைக்குப் போட்டது கறை எடுக்கிற திரவத்தின் நெடி அடித்தது. அதற்கு முந்தினது நீராவியும் கஞ்சியும். அண்ணி மிச்சத்தையெல்லாம் அன்று காலையிலேயே துவைத்து மடித்து வைத்திருந்தாள். தலையணை உறையில் அண்ணி வீட்டுச் சோப்பு. வருடக்கணக்காக ஊர்த் துணியின் வாசனையையெல்லாம் துரத்தியவளுக்குத் தன்னுடையது என்று ஒரு மணம்கூட மிஞ்சவில்லை. என் கையை முகர்ந்தேன். கையிலும் கடைதான் இருந்தது.

கனமான பழைய நைட்டி ஒன்று பெட்டியின் அடியில் கிடந்தது. குளித்து, சோப்புப் போடாமல் குளித்து, அதை மாட்டிக்கொண்டேன். அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன். ஃபேனை நிறுத்திவிட்டு, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த அந்த இடத்தில், தரையில், முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். மதிய வெயில் கண்ணாடி வழியாக என் கால்மேல் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் அண்ணி கதவைத் தட்டினாள். "கரன்ட் இருக்கே, ஃபேன் ஏன் ஓடலை?"

"வேண்டாம் அண்ணி."

"புழுங்குமேம்மா உள்ள?"

"புழுங்கட்டும் அண்ணி."

அவள் காலடிச் சத்தம் ஹால் பக்கம் போனது. பக்கத்தில் போன் தரையில் அதிர்ந்தபடி மெல்ல நகர்ந்தது. நான் அதைத் தொடவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, நைட்டியை உடம்போடு இன்னும் இறுக்கிச் சுற்றினேன். நெற்றியில் பொடித்த வியர்வை காதோரம் இறங்கி, கழுத்து வழியாக வந்து, துணியின் விளிம்பில் ஊற ஆரம்பித்தது.